உப்பு ஆலைக் கூரை சோலார்: இரண்டரை வருடத்தில் துருப்பிடித்த டிசிடிபி பெட்டிக்குப் பதிலாக எதை வாங்கலாம்?

கல்லுப்பு (தூத்துக்குடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் எங்களுக்குச் சின்னதாக ஓர் உப்பு அரவை ஆலை இருக்கிறது. உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, அயோடின் சேர்த்துப் பாக்கெட் போடுகிறோம். உப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வேன். கரண்டு விஷயத்தில் நான் பச்சைப் பிள்ளை.

2022 ஆகஸ்டில் ஷெட்டின் தகரக் கூரையில் 540 வாட் பேனல் 20 போட்டோம். பத்துப் பத்தாக வரிசையில் கோத்து இரண்டு ஸ்ட்ரிங். 10 கிலோவாட் மூன்று பேஸ் இன்வெர்ட்டர், அது ஆபீஸ் அறைக்குள் இருக்கிறது. கூரையிலிருந்து இறங்கும் வயர்கள் முதலில் ஷெட்டின் மேற்குச் சுவரில் வெளியே மாட்டியிருக்கும் டிசிடிபி பெட்டிக்கு (பேனலின் டிசி கரண்டு வந்து சேரும் பெட்டி) வந்து, அங்கிருந்து ஏறக்குறைய 25 மீட்டர் ஓடி இன்வெர்ட்டருக்குப் போகின்றன. பெட்டி பவுடர் கோட்டிங் அடித்த இரும்பு. கதவில் ‘ஐபி 65’ என்று ஸ்டிக்கர், இப்போதும் பளிச்சென்று இருக்கிறது. ஸ்டிக்கர் மட்டும்தான்.

போன மாதத்திலிருந்து காலையில் இன்வெர்ட்டர் ‘இன்சுலேஷன் ஃபால்ட்’ (எங்கோ கரண்டு எர்த்துக்குக் கசிகிறது) என்று காட்டிவிட்டு நிற்கிறது. ஒன்பது மணி வாக்கில் தானாகவே ஓட ஆரம்பிக்கிறது. நாள் செல்லச் செல்ல ஒன்பது ஒன்பதரையாகி, இப்போது பத்தேகால். சோலார் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

சரி என்று நானே பெட்டியைத் திறந்தேன். கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது, விரலால் தொட்டால் துருவோடு உதிர்கிறது. வயர் நுழையும் ஓட்டைகளைச் சுற்றித்தான் துரு அதிகம். உள்ளே டெர்மினல்கள் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. ஒரு கிளாண்டில் (வயர் நுழையும் ஓட்டையில் வயரைச் சுற்றி இறுக்கும் மூடி) இரண்டு வயர்களைச் சேர்த்து விட்டு, இடைவெளிக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நுழைந்த ஒரு பல்லி, பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே காய்ந்து கருவாடாகிக் கிடந்தது.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் பாலிகார்பனேட் பெட்டி போடச் சொல்கிறார். இன்னொருவர் ஃபைபர் பெட்டிதான் கடற்கரைக்கு ராஜா என்கிறார். ஊரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி, “304 எஸ்எஸ் தகட்டில் ரெண்டே நாளில் மடக்கித் தாரேன், உம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும்” என்கிறார். எதை வாங்குவது? எங்கே வாங்குவது? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? இன்னொரு முறை ஸ்டிக்கரை நம்ப மனமில்லை.

---

கூரைக்காரன் (நாகர்கோவில்) எழுதியது:

அண்ணாச்சி, பெட்டி விஷயம் அப்புறம். முதலில், மறுபடி அந்தக் கதவைத் திறக்காதீர்கள். பத்து பேனல் வரிசையாகச் சேர்ந்தால் திறந்த நிலை வோல்டேஜ் ஏறக்குறைய 500 வோல்ட் டிசி. பகலில் அதை அணைக்க ஸ்விட்சே கிடையாது, சூரியன்தான் ஸ்விட்ச். ஏசியாவது நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், பொறி அங்கே அணைய வாய்ப்புண்டு. டிசி பொறி பிடித்தால் விடாது. வேலைக்கு ஆள் வந்ததும் முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசியைத் துண்டிக்கும் அதன் ஐசொலேட்டரைத் திருப்பி, கரண்ட் ஓடவில்லை என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்த பிறகுதான் கூரையில் பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி4-ஐ இழுத்தவர் கையை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஸ்டிக்கர். ஐபி 65-இல் 6 என்பது தூசி அறவே நுழையாது என்பது. 5 என்பது 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் எல்லாப் பக்கமும் தண்ணீர் பீச்சினாலும் கெடுதல் வராது என்பது. சோதனை நடப்பது புதுப் பெட்டியில், நல்ல தண்ணீரில், சில நிமிடங்கள். உப்புக் காற்றில் இரண்டு வருடம் தாங்குமா, வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்குமா, துருப்பிடிக்குமா என்று அந்த எண் ஒரு வார்த்தை சொல்லாது. அதைவிட முக்கியம், சோதனைக்குப் போன பெட்டியில் உங்கள் ஆள் ஹோல் சா (வட்டமாக அறுக்கும் ரம்பம்) போட்டு ஓட்டை போடவில்லை! முதல் ஓட்டை விழுந்த நிமிடத்திலிருந்து அந்த ஓட்டையில் என்ன கிளாண்ட் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஐபி.

உங்கள் கதையிலேயே அது இருக்கிறது. 4 சதுர மி.மீ. சோலார் வயரின் வெளிவிட்டம் ஐந்தரை மில்லிமீட்டர்தான் வரும். கடையில் கேட்டால் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் எம்20 கிளாண்ட். அது பிடிப்பது 6-லிருந்து 12 மில்லிமீட்டர் வரை. வயர் ஒல்லி, அதனால் இரண்டைச் சேர்த்துத் திணித்து டேப் சுற்றிவிட்டார்கள். ரப்பர் வளையம் வட்டமாக இறுக்கும், எட்டு வடிவத்தை இறுக்காது. 4-லிருந்து 8 வரை பிடிக்கும் பிஜி9 வாங்குங்கள், இல்லையென்றால் அந்த அளவு எம்16. ஒரு வயருக்கு ஒரு கிளாண்ட். எல்லாம் பெட்டியின் அடிப்பக்கத்தில் மட்டும். வயர் பெட்டிக்கு வருமுன் தொட்டில் மாதிரி கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பல்லி நுழைந்த வழியும் அடைபடும்.

பொருளுக்கு வருகிறேன். உங்கள் இடத்துக்கு என் ஓட்டு பாலிகார்பனேட். ஆனால் பாலிகார்பனேட் என்று சொல்லி ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்கை விற்கிறார்கள், கையில் பிடித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏபிஎஸ் வெயிலில் மஞ்சளாகி, அப்புறம் வெளுத்து, ஒருநாள் ஸ்க்ரூ திருப்பும்போது மூலை கையோடு வரும். பிளாஸ்டிக்கின் பெயர், புற ஊதாக் கதிர் தாங்கும் சான்று (யூஎல் 746சி என்ற அமெரிக்கத் தரத்தில் ‘எஃப்1’ என்று இருக்கும்), 960 டிகிரி குளோ வயர் சோதனை (பழுக்கக் காய்ந்த கம்பியை வைத்துப் பார்ப்பது), இந்த மூன்றும் டேட்டா ஷீட்டில் இருக்கிறதா பாருங்கள். டேட்டா ஷீட்டே இல்லை என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஃபைபர் பெட்டியும் மோசமில்லை, துருப்பிடிக்காது. பல வருட வெயிலில் மேல்தோல் தேய்ந்து கண்ணாடி இழை வெளியே தலைகாட்டும், கை வைத்தால் நமநமவென்று அரிக்கும். அதை அறுக்கும்போது முகத்துக்கு மாஸ்க் வேண்டும்.

பாலிகார்பனேட்டிலும் ஒரு குணக்கேடு உண்டு. பெயின்ட் கறை, கிரீஸ் என்று யாராவது தின்னரிலோ பெட்ரோலிலோ துடைத்தால் மயிர் மயிராக வெடிப்பு ஓடும். கிளாண்ட் நட்டை வெறியோடு முறுக்கினாலும் அப்படித்தான். ஈரத்துணி போதும்.

வாங்கும்போது கையால் பார்க்க வேண்டியது கேஸ்கெட், மூடியின் சந்தை அடைக்கும் பட்டை. மூடியின் பள்ளத்தில் மூட்டே இல்லாமல் ஊற்றிய நுரை கேஸ்கெட் இருந்தால் நல்லது. வெட்டி ஒட்டிய பட்டை என்றால், இரண்டு முனையும் சேரும் இடம் எங்கே என்று தேடுங்கள். மேல்பக்கத்தில் இருந்தால் தண்ணீருக்கு வாசல் வைத்த மாதிரி. அப்புறம், சுவரில் மாட்டும் ஓட்டைகள் கேஸ்கெட் கோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருந்தால் பின்சுவரைத் துளைத்துத்தான் மாட்டியாக வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் 12 பெட்டிகளை அப்படித் துளைத்து மாட்டி, ஒரே ஐப்பசியில் 12-க்கும் போய்த் தண்ணீர் வடித்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

---

வளைதகடு (கோயம்புத்தூர்) எழுதியது:

பேனல் போர்டு செய்கிறவன் நான், இரும்புக்காக ரெண்டு வார்த்தை பேசிக்கிறேனுங்க.

கல்லுப்பு ஐயாவின் பெட்டி இரும்பு என்பதால் கெடவில்லை. ‘ஓட்டைகளைச் சுற்றித்தான் துரு அதிகம்’ என்று அவரே எழுதியிருக்கிறார். தகட்டை வெட்டி, ஓட்டையெல்லாம் பஞ்ச் பண்ணி, வெல்டு முடித்து, ஏழு தொட்டியில் முக்கிக் கழுவி, பாஸ்பேட் ஏற்றி, அதற்குப் பிறகு பவுடர் அடிக்க வேண்டும். சைட்டில் ஹோல் சா போட்டால் வெட்டுவாய் முழுக்கப் பச்சை இரும்பு. கடலோரத்தில் பெயின்டுக்கு அடியில் துரு ஊர்ந்து போக அது ஒன்று போதும். ஓட்டை அளவை வரைந்து கொடுத்துச் செய்யச் சொன்னால் இந்தத் தொல்லை பாதி குறையும். பாதிதான், முழுசாக அல்ல. ஒன்றரை கிலோமீட்டரில் கடல், உள்ளே உப்பு அரவை என்றால் நானே இரும்பு கொடுக்க மாட்டேன்.

பட்டறை அண்ணாச்சியிடம் ஒன்று கேளுங்க. 304-ஆ, 316-ஆ? 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடுக்கு எதிராக நிற்பது அதுதான். 304-இல் அது கிடையாது. உங்கள் ஊரில் 304 சீக்கிரமே டீ சிந்தின மாதிரி பழுப்பாகி, அப்புறம் ஊசிக்குத்தாகப் புள்ளி விழும். காந்தத்தை வைத்துப் பார்த்து 316 என்று சொல்வார்கள், நம்பாதீங்க, ரெண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் சோதனைச் சொட்டு மருந்து கடையில் கிடைக்கிறது, ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். இல்லையென்றால் தகட்டின் மில் சர்ட்டிபிகேட்டைக் கேளுங்க. இன்னொன்று, சாதா இரும்பு அறுத்த அதே கிரைண்டர் சக்கரத்தில் எஸ்எஸ்ஸை உரசினால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு அங்கே துரு கிளம்பும்.

உலோகப் பெட்டி எதுவானாலும் கதவுக்குத் தனியாகப் பின்னல் எர்த் வயர் வேண்டும். கீல் வழியாக எர்த் போகும் என்று நம்பக்கூடாது. பாலிகார்பனேட்டில் அந்தத் தலைவலி இல்லை, ஒத்துக்கிறேன்.

எங்கே வாங்குவது என்று கேட்டீங்க. ஹென்சல் மாதிரி பாலிகார்பனேட் பெட்டிக்கென்றே பெயர் எடுத்த கம்பெனிகளுக்கு டீலர் இருப்பார்கள், சென்னை பாரிமுனையிலும் எங்கள் ஊரிலும் கேட்டால் கிடைக்கும். ஆன்லைனில் வாங்கினால் மாடல் நம்பர் பெட்டியிலேயே அச்சாகி இருக்கிறதா பாருங்க. சோதனை அறிக்கை கேட்டால் அனுப்புவார்கள், அதில் எழுதியிருக்கும் மாடலும் அளவும் நீங்கள் வாங்குவதுதானா என்று பாருங்க. கைப்பெட்டி அளவுக்கு வாங்கிய அறிக்கையை அலமாரி அளவுக்கும் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காலிப் பெட்டிக்கு உலகத் தர எண் ஐஇசி 62208, உள்ளே எல்லாம் மாட்டித் தயாராக வரும் போர்டுக்கு ஐஇசி 61439-2. தயார் போர்டு விற்கிறவர் காலிப் பெட்டியின் அறிக்கையைக் காட்டினால் பாதி வேலைக்குத்தான் சான்று வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

---

ஃபியூஸ்போனவன் (மதுரை) எழுதியது:

பெட்டி எது என்று எல்லோரும் பேசுகிறோம், உள்ளே என்ன போகப் போகிறது என்று யாரும் கேட்கவில்லையே?

ஐயாவுக்கு இருப்பது இரண்டு ஸ்ட்ரிங். இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி (பேனல் வரிசையைத் தனியாக வாங்கிக்கொள்ளும் வாசல்) இருந்து ஆளுக்கு ஒன்றாகப் போகிறது என்றால் ஸ்ட்ரிங் ஃபியூஸே தேவையில்லை. இணையாகச் சேர்த்திருந்தாலும் ஒரு ஸ்ட்ரிங் கெட்டால் மற்றது தள்ளக்கூடியது 14 ஆம்பியருக்குள், பேனலின் பின்பக்கம் 25 ஆம்பியர் ஃபியூஸ் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். மூன்று ஸ்ட்ரிங்கிலிருந்துதான் ஃபியூஸ் அவசியம். ஃபியூஸ் ஹோல்டர் ஒவ்வொன்றும் சூடாகும் ஒரு இடம், தளர்ந்துபோக ஒரு ஸ்க்ரூ. தேவையில்லாததை எடுத்துவிட்டால் வாங்க வேண்டிய பெட்டியும் சின்னதாகும்.

எஸ்பிடி (மின்னல் நேரத்தில் பாயும் மிகை வோல்டேஜை எர்த்துக்குத் தள்ளுவது) வேண்டும். இன்வெர்ட்டருக்குள் ஒன்று இருந்தாலும், பேனலுக்கும் அதற்கும் 10 மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் பேனல் பக்கமும் ஒன்று போட வேண்டும். உங்களுக்கு 25 மீட்டர். 

உள்ளே டிசி எம்சிபி (கரண்டு மிஞ்சினால் தானே விழும் பிரேக்கர்) இருந்தால் அதில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். குறி போட்டது ஒரு திசையில்தான் பொறியை அணைக்கும். மாற்றி மாட்டினால் அணைக்க வேண்டிய நேரத்தில் அதுவே எரியும். அதைவிட நல்ல டிசி ஐசொலேட்டர் ஒன்று மேல். ஏசி எம்சிபியை டிசியில் மாட்டியிருந்தால்... மாட்டியிருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

---

ஆத்தங்கரை (ஏரல்) எழுதியது:

நம்ம பக்கத்து ஆள் என்பதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எங்கள் வீட்டு ஏசிடிபி (இன்வெர்ட்டருக்கு அடுத்த ஏசி பெட்டி) தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது. ஐபி 66. ஒன்றரை நாள் தண்ணீருக்குள் கிடந்தது. 67 என்று எழுதியிருந்தாலும் அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்குத்தான். இப்போது மாடிப்படி வளைவில் ஆறடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன். மெயினை அணைக்க என் மனைவி ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது, அதற்குத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். எண்ணை விட ஆணியின் உயரம் முக்கியம் அண்ணாச்சி.

---

கூரைக்காரன் எழுதியது:

ஏரல் அண்ணாச்சி சொன்னதோடு சேர்த்து வெயிலையும் பாருங்கள். மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் நேராக அடிக்கும். வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டால் நிழல் என்று நினைப்பார்கள். நம் பக்கம் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியனே வடக்கில்தான் நிற்கும். எந்தச் சுவரானாலும் பெட்டிக்கு மேல் ஒரு சின்னச் சாய்ப்பு வேண்டும், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழைய இடம் வேண்டும். வெளிர் சாம்பல் நிறம் எடுங்கள், கறுப்பு வேண்டாம்.

இன்னொரு சங்கதி, மூச்சு. பகலில் உள்ளே 60 டிகிரி, ராத்திரி 25 என்றால் உள்ளிருக்கும் காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். அந்த இடத்துக்கு வெளிக்காற்று உறிஞ்சப்படும். சூடான பெட்டி மேல் திடீர் மழை விழுந்தால் கேஸ்கெட்டில் நிற்கும் தண்ணீரையே இழுத்துக் குடிக்கும். அதற்குத்தான் அடியில் சவ்வு வைத்த பிரீதர் பிளக் ஒன்று, காற்று போகும், தண்ணீர் போகாது. சிலர் எல்லாச் சந்திலும் சிலிக்கான் பூசிவிடுவார்கள். காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் என்றால் வேண்டவே வேண்டாம், அந்த ஆவி உள்ளே செம்பைத் தின்றுவிடும்.

---

கல்லுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், அரவை சீசன்.

பாலிகார்பனேட் வாங்கினேன், சென்னையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. முதலில் பேசிய கடைக்காரர் டேட்டா ஷீட் கேட்டதும் “ஒரு பெட்டிக்கா?” என்று சிரித்தார். இரண்டாவது கடையில் வாட்ஸப்பில் பத்து நிமிடத்தில் அனுப்பினார்கள், அங்கேயே வாங்கிவிட்டேன். பட்டறை அண்ணாச்சியிடம் 316 பற்றிக் கேட்டேன். “அதென்ன, ரெண்டும் எஸ்எஸ்தானே” என்றார். அப்புறம் அவரிடமே பெட்டிக்கு மேல் போடும் சாய்ப்புக்கு மட்டும் வேலை கொடுத்தேன், மனசு நோகக்கூடாது பாருங்கள். அது பழுப்பானால் பழுக்கட்டும்.

மதுரைக்காரர் சொன்னது சரி. ஆளுக்கொரு எம்பிபிடிதான், நான்கு ஃபியூஸ் ஹோல்டரும் போயின. அதில் ஒன்றின் வாய் கருகியிருந்தது. எம்சிபி ஒன்று மாற்றித்தான் மாட்டியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அடிப்பக்கத்தில் எட்டு பிஜி9 கிளாண்ட் வயர்களுக்கு, எஸ்பிடியின் எர்த் வயருக்கு அதன் தடிமனுக்கேற்ற கிளாண்ட் ஒன்று, மூச்சு பிளக் ஒன்று. ஆறடி உயரம், கிழக்குச் சுவர்.

காலையில் மட்டும் ஏன் நின்றது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நல்ல உப்பு காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். நஞ்சோடை (உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீர்) சரியாக வடியாத உப்பு, மக்னீசியம் இருப்பதால், அதற்கு வெகு முன்னாலேயே கசிந்துவிடும். மூட்டை அடுக்கில் ராத்திரி ஈரமாகி வெயில் ஏறினால் காய்வதை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். பெட்டிக்குள் படிந்திருந்ததும் என் ஆலைத் தூசிதானே, அதுவும் அதையேதான் செய்திருக்கிறது.

இன்வெர்ட்டர் திரையில் இன்சுலேஷன் எண்ணும் வருகிறது என்று தம்பி காட்டினான். பழைய பெட்டியில் காலை ஏழு மணிக்கு 60 கிலோ ஓம் இருந்தது. இன்று காலை, பனியோடு, 2.3 மெகா ஓம். ஆறே முக்காலுக்கே ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம்: சாய்ப்புக்கு அடியில் இப்போது குளவி கூடு கட்டுகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?